முப்பது கிலோவில் ஏழு

திருச்சி விமான நிலையத்தில்
எடை பார்த்த பெண் தலையசைத்தாள்:
இரண்டு கிலோ அதிகம்.
மாமியாரின் அதிரச டப்பாவை எடுத்து
வழியனுப்ப வந்த மச்சினனிடம் கொடுத்தேன்.
ஏழு கிலோ சிறுவர் புத்தகம்
ஒரு பக்கம் மடங்காமல்
ஃபஹாஹீல் வந்து சேர்ந்தது.

இடம்தான் அமையவில்லை.
சங்கத்தில் கேட்டால்
பொங்கல் விழா முடியட்டும் என்றார்கள்.
எந்த வருடத்துப் பொங்கல் என்று சொல்லவில்லை.
கடைசியில் எங்கள் கட்டட ஹாரிஸ் சப்ரி,
எகிப்துக்காரர்,
தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறையைத் திறந்துவிட்டார்.
"கிதாப்?" என்றார்.
"கிதாப்" என்றேன்.
எங்கள் இருவருக்கும் பொதுவான அகராதியில்
அந்த ஒரு சொல்தான்.

முதல் வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணி.
மூன்று பாய், ஒரு டேபிள் ஃபேன்,
இரண்டு பிள்ளைகள்.
ஒருத்தி என் மகள்.
இன்னொருவன் அஃப்ரித்,
கீழே வைஃபை எடுக்குமா என்று பார்க்க வந்தவன்.
நான் ஏற்ற இறக்கத்தோடு,
புலிக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல் வைத்துப் படித்தேன்.
அவர்கள் கூரையில் ஓடும் குழாய்களை எண்ணினார்கள்.
பதினொன்று.

மூன்றாம் வாரம் எனக்கு ரத்த வங்கியில் டியூட்டி.
அலமாரி தூக்க மட்டும் வருவதாகச் சொல்லியிருந்த
ஏசி மெக்கானிக் சகாயராஜிடம்
புத்தகத்தைத் திணித்துவிட்டு ஓடினேன்.
"ஏழாவதோட நிறுத்தினவன்க்கா" என்றது
லிஃப்ட் மூடும்போதுதான் காதில் விழுந்தது.

இரவு மகள் சொன்னாள்:
"அந்த அங்கிள் வரியில விரல் வச்சு
தி... திடு... திடுக்...னு நிப்பாரும்மா.
நாங்க முந்திடுவோம்."

அடுத்த வாரம் ஒன்பது பேர்.
அதற்கடுத்து, வாசலில்
சப்ரி எண்ணிச் சொன்ன கணக்கில்,
முப்பத்து நான்கு செருப்பு.

சகாயராஜுக்கு வெட்கம்.
புத்தகத்தைக் கேம்புக்குக் கொண்டுபோய்
மேல்கட்டிலில் படுத்துப் பழகி
ஒரு வெள்ளிக்கிழமை தடங்கலே இல்லாமல் படித்தார்.
பிள்ளைகள் முகம் செத்துவிட்டது.
வேண்டுமென்றே ஒரு இடத்தில் திக்கினார்.
"நடிக்கிறாரு!" என்று கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அப்ப நீங்களே படிங்கடா"
என்று புத்தகத்தை நீட்டினார்.
யாரும் வாங்கவில்லை.
பிறகு அஃப்ரித் வாங்கினான்.

ப... பல்...
அவன் எழுத்துக் கூட்டத் தொடங்கியபோது
பக்கத்து அறையில் மோட்டார் உறுமத் தொடங்கியது.
குரலை உயர்த்தினான்.
மோட்டாரும் விடவில்லை.
பதினாறு பிள்ளைகளும் சகாயராஜும்
தலையை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்கள்.

கதவருகே நின்ற சப்ரிக்கு
ஒரு வார்த்தை புரிந்திருக்காது.
போய் சுவிட்சை அணைத்தார்.

மேலே தொட்டி காலி.
இருபது நிமிடம் எட்டு மாடிக்கும் தண்ணீர் இல்லை.
போன் செய்தவர்களுக்கெல்லாம்
அவர் சொன்ன பதில் ஒன்றுதான்:
"கிதாப்."

நான்காவது மாடியில்
தலை நிறைய ஷாம்பூவோடு போன் செய்தவர்
என் கணவர்.