எத்தனை தவணை?

தல்கவானோவில் எந்தக் கடைக்குப் போனாலும்
கல்லாவில் இருப்பவள் கேட்கும் முதல் கேள்வி
"எத்தனை தவணை?"
செருப்புக்குக் கேட்பாள். சோப்புக்குக் கேட்பாள்.
மாத்திரை அட்டைக்கும் ஒருமுறை கேட்டாள்,
காய்ச்சலை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம் என்பதுபோல.

நாங்களும் பிரித்தோம்.
குளிர்பெட்டியை இருபத்துநான்காக.
புயல் தூக்கிப்போன கூரைத் தகடுகளை முப்பத்தாறாக.
மீன்துறையில் வழுக்கி உடைந்த
எலிசெயோவின் காலைப் பதினெட்டாக.
கால் கூடிவிட்டது.
கணக்குதான் இன்னும் நொண்டுகிறது.

மைத்தே படுக்கைமேல் கடை வைக்கிறாள்.
கரடிக்குத் தொப்பி விற்கிறாள்.
"எத்தனை தவணை?"
கரடி பேசாது.
"பன்னிரண்டு போட்டுக்கறேன்" என்று
அவளே எழுதிக்கொள்கிறாள்.

அதைப் பார்த்த வாரம்தான்
கட்டம் போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன், ரொக்கத்துக்கு.
இடப்பக்கம் வருவது: மீன்துறைக் கூலி,
பள்ளிச் சமையலறையில் என் சம்பளம்.
வலப்பக்கம் போவது. அது கீழே போய்க்கொண்டே இருந்தது.
எல்லாம் முடிந்த இடத்தில், பென்சிலால்,
"ஞாயிறு" என்று எழுதினேன். பத்தாயிரம் பெசோ.
நாலு குச்சி ஐஸ்,
பாகில் புரட்டிய வேர்க்கடலை ஒரு பொட்டலம்,
போக வர பஸ்.
துறைமுகத்துக் கடல்சிங்கங்களுக்கு டிக்கெட் இல்லை,
அவை சும்மாவே கத்தும், சும்மாவே நாறும்.

எலிசெயோ கால்குலேட்டரைத் தட்டினார்.
இதையும் அசலில் போட்டால்
ஐந்து மாதம் முன்னாலேயே முடிந்துவிடுமாம்.
சரிதான். எண்கள் எப்போதும் அவர் பக்கம்.
முன்னாலேயே முடித்து என்ன செய்வோம், கேட்டேன்.
கொஞ்சம் யோசித்தார்.
"ஐஸ் சாப்பிடுவோம்."
இரண்டு பேரும் சிரித்தோம், குழந்தைகள் விழிக்காதபடி.

ஜூன் குளிரில் வெந்நீர்க் கருவி செத்தது.
பென்சில் வரியை அழித்தேன்.
பென்சிலால் எழுதியதே அதற்குத்தானோ என்னவோ.
எப்படிச் சொல்வது என்று
சட்டியைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டிருந்தபோது
மைத்தே வந்து நின்றாள். ஏழு வயது.
"எனக்கு ஐஸ் அவ்வளவா பிடிக்காதும்மா."
சொல்லிவிட்டுத் தம்பியை ஒரு முறை முறைத்தாள்.
எனக்கும்தான் என்றான் ஃபாபியான்,
உதடு கோணிக்கொண்டு.

அன்றிரவு நோட்டைத் திறந்து வைத்தபடி
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
இதை எந்தப் பக்கம் எழுதுவது?
வருவதிலா, போவதிலா?

ஜூலையில் பேனா எடுத்தேன்.
ஞாயிறு, முதல் வரி.
வங்கிக்கும் மேலே, கூரைக்கும் மேலே.
எலிசெயோ எட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
என் கையிலிருந்த பேனாவை வாங்கி
சிகரெட் என்றிருந்த இடத்தில்
எண்ணைப் பாதியாக்கினார்.
பிறகு மூடியைத் தேடினார், ரொம்ப நேரம்,
அது அவர் காதில் இருந்தது.

துறைமுகத்தில் காற்று ஆளைத் தள்ளியது.
இந்தக் குளிரில் ஐஸா என்றார்
பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி, கேட்காத அறிவுரை.
ஐஸ் விற்கும் பையன் இயந்திரத்தை நீட்டினான்:
"எத்தனை தவணை?"
பழக்கதோஷம், பாவம்.
மைத்தே என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"தவணை இல்லை" என்றேன்,
தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தில்.
தேயிலை டப்பாவிலிருந்து சில்லறையை எண்ணி வைத்தேன்.
பையன் முகம் சுளிக்கவில்லை. அவனுக்கும் ஒரு நோட்டு இருக்கலாம்.

ஃபாபியான் தன் ஐஸைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
"அப்ப இது இப்பவே நம்மளுதா?"
"ஆமாம்."
"முழுசா?"
"குச்சி வரைக்கும்."

திரும்பும் பஸ்ஸில் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
கூரைக்கு இன்னும் பத்தொன்பது.
ஜன்னலில் மழை.
அவன் அந்தக் குச்சியை
வாயிலிருந்து எடுக்கவே இல்லை.