மூச்சுக்கு ஒன்பது

திபிலிசியில் கணிப்பொறி எங்களுக்குக் கிடைப்பது
இரவு இரண்டிலிருந்து ஐந்து வரை.
பகலெல்லாம் அது தேயிலை விளைச்சலைக் கணக்கிடும்.
மக்வாலா வருவாள், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள்,
கைப்பையில் ரொட்டியும் உள்ளங்கையகலச் சதுரங்கப் பலகையும்.

"இந்தக் குதிரைக்கு மூச்சு முட்டுகிறது" என்றாள் முதல் நாள்.
எவ்வளவு, என்றேன்.
என்ன எவ்வளவு?
எவ்வளவு முட்டுகிறது. எனக்கு எண் வேண்டும்.
மீனிடம் தண்ணீரின் விலையைக் கேட்டவனைப் பார்ப்பதுபோல்
பார்த்தாள்.

நடுப்பலகையில் குதிரைக்கு எட்டு வழி, மூலையில் இரண்டு.
வழிதான் மூச்சு என்று வைத்தேன்.
வழிக்கு ஒன்பது மதிப்பெண்.
பத்து போட்டிருக்கலாம்; முழு எண்களை நான் நம்புவதில்லை.

துளையட்டைகளை அடுக்கி ஊட்டினேன்.
குதிரைகள் வெளியே, யானைகள் வெளியே,
ராஜாகூடக் காற்று வாங்கப் புறப்பட்டார்.
பத்தொன்பதாம் நகர்த்தலில்
எல்லோரும் நன்றாக மூச்சுவிட்டபடியே செத்தோம்.
அவள் சிரித்த சிரிப்பில்
காவலாளி ஷோத்தா விழித்து விளக்கோடு வந்துவிட்டார்.

"எதிராளிக்கும் மூக்கு உண்டு" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.
கழித்தேன், நம் மூச்சிலிருந்து அவன் மூச்சை.
மார்ச் முழுக்கக் கழித்தேன்.
பிப்ரவரியைவிடச் சற்றுத் தாமதமாகத் தோற்றோம்.

பிறகு ஓர் இரவு, அவளிடம் சொல்லாமல்,
அவள் ஆடிய நூற்று நாற்பது ஆட்டங்களை உள்ளே கொடுத்து
தன் விதியைத் தானே எத்தனை முறை மீறினாள் என்று கேட்டேன்.
தாள் வந்தது.
முப்பத்தொன்பது முறை
குதிரையை மூலையில் கொண்டுபோய்க் கட்டியிருக்கிறாள்.
முப்பத்திரண்டில் வென்றும் இருக்கிறாள்.

வரிவரியாக விரல் வைத்துப் படித்தாள்.
"ரீகாவில் எனக்குக் காய்ச்சல்."
சரி, மற்றவை?
ரொட்டியைப் பிட்டாள், தின்னவில்லை.
"முங்குகிறவன் மூச்சைப் பிடித்துக்கொள்வானே,
அதை எழுதவில்லையா நீ?"
எவ்வளவு நேரம்?
"மேலே வரும்வரை."

ஐந்து மணி. தேயிலைக்காரர்கள் கதவைத் தட்டினார்கள்.
முதல் டிராமுக்கு அவள் ஓடினாள், பலகையை மறந்துவிட்டு.

அட்டைக் கட்டில், குதிரைக்கும் ராஜாவுக்கும் நடுவே,
துளையே இடாத அட்டை ஒன்றைச் செருகினேன்.
ஓரத்தில் பென்சிலால் அவள் பெயர்.
இயந்திரம் மறுக்கவில்லை,
வெற்று வரி என்று தாண்டிப் போகிறது.

வியாழன் வரை அப்படியே இருக்கட்டும்.
அதற்குமேல் தாங்க மாட்டேன்,
ஏழு என்று போட்டுப் பார்ப்பேன்.