முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது

குறிப்பேட்டின் நாற்பத்தேழாம் பக்கத்தில்
ஒரு மைக்கறை இருக்கிறது.
குளிரில் கை நடுங்கியது என்று
கேட்டவர்களிடம் சொல்லிவைத்தேன்.

போத்னியா வளைகுடா உறைந்துகிடந்த பிப்ரவரி.
மர ஆலையின் வாள்கள் மட்டும் உறையவில்லை.
இரண்டாம் வாள்
அல்கோட் பிரென்ஸ்ட்ரோமின் வலக்கையிலிருந்து
மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது.
மரத்தூளில் தேடினார்கள்.
இரண்டு கிடைத்தன.

இதே அல்கோட்தான்
நாங்கள் ஐந்து வாரம் வாசலில் நின்ற கோடையில்
தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு
எங்களைக் கடந்து உள்ளே போனவன்.
ஐந்தாம் வாரம் என் தங்கை யெர்டாவுக்குப் பால் வற்றியது.
குழந்தையைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

வேலைநிறுத்தம் தோற்ற மறுமாதமே
நோய்நிதிக்குச் சந்தா கட்ட வந்தான்.
வாரம் இருபத்தைந்து காசு.
நான் தலை நிமிராமல் வாங்கித்
தகரப்பெட்டியில் போட்டேன்.
நான்கு வருடம், ஒரு சனிக்கிழமை தவறாமல்,
தலை நிமிராமல்.

மதுவிலக்குச் சங்கத்தின் கூடம்.
அறுபது பேர், ஈரக் கம்பளி நாற்றம்,
மூன்றாம் முறை கொதித்த காபி.
"அன்றே ஆலையைக் கொளுத்தியிருந்தால்
இன்று இந்தக் கேள்வியே இல்லை" என்றான் எட்வின்.
அவனுக்கு எதுவும்
நாளைக் காலையே விடிந்துவிட வேண்டும்.
சிரித்தோம். பிறகு யாரோ,
நான்தானோ என்னவோ,
"தகுதியுள்ளவனுக்குக் கொடுப்போம்" என்றோம்.

சலவைக்காரி தியூரா எழுந்தாள்.
சோடாவில் வெந்த கைகளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
முன்னிருந்தவனின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"தகுதி என்ற சொல்லை நான்
பாதிரியார் வீட்டுக் கஞ்சி வரிசையில் கேட்டிருக்கிறேன்.
பாத்திரமறிந்து பிச்சையிடுகிறவர் அவர்.
கவிழ்த்துப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார்:
ஜெபம் தெரியுமா,
புருஷன் குடிப்பானா,
மூத்தது கல்யாணத்துக்கு முன்பா பின்பா.
கேட்டு முடிப்பதற்குள் கஞ்சி ஆறிவிடும்.
இந்தப் பெட்டியில் இருப்பது பிச்சை என்றால்
நீங்களும் பாத்திரம் பாருங்கள்.
பங்கு என்றால் பார்க்காதீர்கள்.
எது என்று சீக்கிரம் சொல்லுங்கள்,
எனக்கு நாலு மணிக்கு உலை மூட்ட வேண்டும்."

கைகள் உயர்ந்தன.
இரண்டு முறை எண்ணினேன்.
எண்ணுகிறவன் மூன்றாம் முறை எண்ண
விதியில் இடமில்லை.
கொடுக்கலாம்: முப்பத்தொன்று.
வேண்டாம்: இருபத்தொன்பது,
அதில் ஒன்று என்னுடையது.
தோற்றவன் கையில் பேனா இருந்தது.
'தீர்மானம் நிறைவேறியது' என்று எழுதினேன்.
கறை அந்த இடத்தில்தான்.

சனிக்கிழமை பணத்தோடு போனேன்,
பீப்பாய்ப் பட்டறைக்கு மேலே அவன் அறை.
நன்றி சொன்னால் என்ன சொல்லி முகத்தில் அறைவது என்று
படி ஏறும்போதே ஒத்திகை பார்த்தேன்.
அவன் நன்றி சொல்லவில்லை.
பணத்தை எண்ணினான்.
இடக்கையால் கையெழுத்திட்டான்,
முதல் வகுப்புப் பிள்ளையின் எழுத்து,
ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து.
பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து
அந்த வாரத்துச் சந்தா
இருபத்தைந்து காசை
என் உள்ளங்கையில் வைத்தான்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன்.
சாம்பல் நிறக் கண்கள்.
அவ்வளவுதான்,
வேறொன்றும் தெரியவில்லை.

எனக்கு அவனை இன்றும் பிடிக்காது.
பிடிக்க வேண்டும் என்று
எந்த விதியிலும் இல்லை,
அதுவே அந்த விதியின் அழகு என்று
தோன்றிய நாட்களும் உண்டு.
தோன்றாத நாட்களில்
விதியை மட்டும் பின்பற்றினேன்.

வீட்டில் யெர்டா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.
"கொடுத்தாயா?"
"கொடுத்தேன்."
தோல் ஒரே நீளமாய்
அறுபடாமல் இறங்கியது.
"எந்தக் கை?"
"வலது."
கத்தி நின்றது.
"விறகுக்கு என்ன செய்கிறான்?"

கேட்க மறந்துவிட்டேன் என்றேன்.