பன்னிரண்டு சென்டிமீட்டர்

வடக்கே போக
முதலில் தெற்கே போகவேண்டும்,
அருமனையிலிருந்து குமரிமுனைக்கு.
வந்தவர்களெல்லாம் இறங்கிச் சோம்பல் முறித்து
கடலைப் பார்த்து "அவ்வளவுதானா" என்கிற இடம்.
அங்கேதான் தொடங்குகிறது நாற்பத்துநான்காம் எண் சாலை,
ஸ்ரீநகர் வரை, மூவாயிரத்து எழுநூறும் சொச்சமும்.
ஊருக்கெல்லாம் கடைசிப் பக்கம்
நமக்கு முதல் பக்கம்
என்று ரெஜிலா டைரியில் எழுதினாள்.
வருமானவரிக் கணக்கு பார்க்கிறவள்.
உடனே கீழே கோடு போட்டு
'கழிப்பறை' என்றொரு பத்தி திறந்தாள்.

கார் மஞ்சள். இரண்டே இருக்கை.
கொச்சியில் ஓர் எலும்பு டாக்டர்
முதுகுவலி வந்து விற்றது.
நான் பல் டாக்டர்.
மார்த்தாண்டத்தில் பதினெட்டு வருடம்
அடுத்தவர் வாய்க்குள் குனிந்து சேர்த்த காசு.
"இதுக்கு ரப்பர் தோட்டம் வாங்கியிருக்கலாம்"
என்றார் டென்சிங், என் கணவர்.
பெயர்தான் டென்சிங்;
பேச்சிப்பாறை வளைவிலேயே
எலுமிச்சம்பழம் மோந்துகொண்டு வருவார்.
ஆகவே பக்கத்து இருக்கை அவர் தங்கைக்கு.

எப்போது கிளம்புவது?
எங்கள் மாவட்டத்துக்கு மழை இரண்டு தடவை வரும்.
ஜூனில் ஒன்று,
ஐப்பசியில் திரும்பி வந்து பாக்கி கேட்கும் இன்னொன்று.
அது ஓய்ந்தால் அங்கே பனி.
இரண்டு கடைவாய்ப் பல்லுக்கு நடுவே நூல் விடுகிறமாதிரி
காலண்டரில் சந்து தேடினோம்.
செப்டம்பர். பதினாறு நாள்.
நாக்பூரில் ரெஜிலாவின் கல்லூரித் தோழி.
ஜான்சியில் யாருமில்லை, ஓட்டல்.
முன்மூடியைத் திறந்தால் ஒரு குழி,
நாலு தேங்காய் கொள்ளும்.
அவள் அதில் ஒரு துணிப்பையும்
இரண்டு கிலோ ஏத்தங்காய் வத்தலும் வைத்து
மூடிப் பார்த்தாள். மூடவில்லை.
துணிப்பையை வெளியே எடுத்தாள்.

எல்லாம் எழுதி முடித்த இரவில்தான்
தெரு முக்கு ஞாபகம் வந்தது.
சர்ச்சுக்கு முன்னால் ஒரு வேகத்தடை,
மஞ்சள் கார் வந்து இறங்கிய மூன்றாம் நாள்
எங்களுக்குப் பயந்தே போட்டது.
ஸ்கேல் கொண்டுபோய் அளந்தேன். பதினாலரை.
காரின் வயிற்றுக்கும் தரைக்கும் பன்னிரண்டு.
அரை மில்லி பிசகினாலே கடி சேராது என் தொழிலில்.
பனிமலைக்கு வழி தெரிகிறது,
மெயின் ரோட்டுக்குத் தெரியவில்லை.

விடியற்காலை நாலு மணிக்கு ஒத்திகை,
ஊர் பார்ப்பதற்குள்.
குறுக்கே சாய்த்து ஏறினேன்.
ரெஜிலா எடை குறையட்டும் என்று இறங்கினாள்,
வத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு.
பால்வெட்டப் போகிற யேசுவடியான்
வாளியைக் கீழே வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை.
அப்படியே ரோட்டில் மல்லாந்து படுத்து
நெற்றி விளக்கை காருக்கடியில் நீட்டினார்.
"டாக்டரே, வலப்பக்கம் ஒரு விரல் கெடக்கு.
பைய வா.
நில்லு. ஒடி. இன்னும் ஒடி.
பயப்படாத, தட்டாது."

நெற்றியில் விளக்கோடு ஒருவர் உற்றுப் பார்க்க
நாற்காலியில் விறைத்துக் கிடந்து
கைப்பிடியை இறுக்குவது
எனக்கு இதுதான் முதல் தடவை.

பதினொரு நிமிடம். தாண்டிவிட்டது.
அவர் முதுகைத் தட்டிக்கொண்டே,
"எங்க வரைக்கும்?"
"ஸ்ரீநகர்."
"அங்க என்ன மரம்?"
"ஆப்பிள்."
"அதுல பால் வராதே" என்று வருத்தப்பட்டார்.

கிளம்ப இன்னும் இருபத்திரண்டு நாள் இருக்கிறது.
வீட்டுக்குத் திரும்ப
இதே மேட்டை மறுபடி ஏறவேண்டும் என்பது
அப்போதுதான் எனக்கும் ரெஜிலாவுக்கும் உறைத்தது.
யேசுவடியான் விளக்கை அணைக்கவே இல்லை.