ஆறு ஆறாய்

மீனுக்குப் போட்ட தூண்டிலில்
தோள்பை ஒன்று மாட்டியது.
குரா ஆறு அதை மூன்று நாள் வைத்திருந்தது.
நான்காம் நாள் காலை, திபிலிசியில்
என் நிலவறைக் கடையின் படிகளில்
லம்ஸிரா இறங்கி வந்தாள்.
பையின் தண்ணீர் அவளுக்கு முன்னால் இறங்கி வந்தது.

கணினியின் வரிசை எண்ணைப்
புகாரில் எழுதியிருந்தாளாம்.
நூறில் ஒருவர்கூடச் செய்யாத காரியம்.
அதனால்தான் போலீஸ் அவளைத் தேடிக் கூப்பிட்டது.
"சார்ஜர் செருகிப் பார்த்தீர்களா?"
"இல்லை. அரிசியில் புதைத்து வைக்கவா?"
"அரிசியைச் சமைத்துச் சாப்பிடுங்கள்."

ஆலங்கட்டி மழையை அளப்பது அவள் வேலை.
ககேத்தியின் திராட்சைத் தோட்டங்களில்
வானம் கல்லெறிந்து போன மறுநாள்
கொடி கொடியாய்க் குனிந்து
எத்தனை இலை கிழிந்தது, எத்தனை குலை உதிர்ந்தது,
கல் பட்டாணி அளவா வால்நட் அளவா என்று
ஒன்பது கோடைகளைப் பதிந்திருக்கிறாள்.
இழப்பீடு கேட்கிற விவசாயிக்கு அவள் கணக்கே சாட்சி.

தன் இழப்பை அவளுக்கு அளக்கத் தெரியவில்லை.

"நகல்?"
"இருந்தது."
"எங்கே?"
"அதே பையில். பக்க உறையில்."

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு;
அசலும் நகலும் ஒரே பையில் பயணம் போகலாமா?
கேட்கவில்லை.
என் தொழிலில் தினமும் விழுங்குகிற வாக்கியம் அது.

இஸானி நிலையத்தில் தூக்கியவன்
கணினியைத் திறந்து பார்த்திருக்கிறான். பூட்டு.
நகல் வட்டுக்குப் பூட்டில்லை.
அதை வைத்துக்கொண்டு
மற்றதைப் பாலத்திலிருந்து வீசிவிட்டான்.

இரண்டு நாள்
ஸ்பிரிட்டில் கழுவினேன்,
பல் துலக்கும் பிரஷ்ஷால் வண்டலைத் தள்ளினேன்.
பலகை செத்திருந்தது.
சூயிங்கம் பட்டை அளவுள்ள சேமிப்பு அட்டை மட்டும்
வேறொரு கணினியில் பொருத்தியதும் விழித்தது.
விழித்து, அவளிடமே கேட்டது: நீ யார்?
நாற்பத்தெட்டு எண்கள்.
ஆறு ஆறாய் எட்டு முறை.

"எங்கே குறித்து வைத்தீர்கள்?"
திரையைக் காட்டினாள்.
உள்ளே, 'முக்கியம்' என்ற கோப்பில்.

நெடுநேரம் கழித்துச் சொன்னாள்:
"பூட்டுப் போட்டுக் கொடுத்தது கோச்சா.
காகிதத்தில் எழுதி
மின்பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டினான்.
அப்போது நாங்கள் ஒரே வீட்டில்."

மூன்று வருடமாய் அழைக்காத எண்ணை
எங்கும் பார்க்காமல் அழுத்தினாள்.

ஒலிபெருக்கியில் ஏணி இழுபடும் சத்தம்.
முதல் ஆறு. இரண்டாம் ஆறு.
நான் தட்டிக்கொண்டே வந்தேன்.
மூன்றாவது முடிந்ததும் அவன்,
"இந்த வருடம் கல் அதிகமா?"
"அடுத்த ஆறு" என்றாள்.
ஐந்தாவதைத் தவறு என்றது திரை.
திரும்பப் படித்தான். திரும்பவும் தவறு.
"உன் ஏழு எப்போதும் ஒன்று மாதிரிதான்!"
அவள் கத்திய கத்தலில்
அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு கேட்டது.
இந்தப் பக்கம் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

எட்டாவது ஆறு.
ஆறு விட்டுக்கொடுத்தது.

கிழிந்த இலைகள், ஓட்டை இலைகள்,
கட்டைவிரலுக்கு அருகே உருகும் பனிக்கல்;
ஒன்பது கோடையும் வரிசையாய் வந்தன.
அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள்.
கைப்பேசியை இருவருமே அணைக்க மறந்திருந்தார்கள்.

இரண்டு வட்டுகளில் நகலெடுத்தேன், இரண்டுக்கும் பூட்டோடு.
ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள்.
மற்றதைத் தபாலில் சேர்க்கச் சொல்லி
தெலாவி முகவரி ஒன்று எழுதினாள்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
வீட்டு எண்ணிலிருந்த ஏழைக்
குறுக்குக்கோடு போட்டு அழுத்தி எழுதியிருந்தாள்.

அன்றிரவு கடையை அடைத்தபின்
என் கணினியின் எண்களையும் காகிதத்தில் எழுதினேன்,
ஆறு ஆறாய் எட்டு முறை.
உறை இருக்கிறது. தபால்தலை ஒட்டியாகிவிட்டது.
யார் வீட்டு மின்பெட்டிக்கு அனுப்புவது என்றுதான்
தெரியவில்லை.