மோசமில்லை

கொட்டியாரக்குடா நண்டு. விடிய எழும்பி வாங்கினது.
ஒரு காலை உடைத்து, உறிஞ்சி,
கொஞ்சம் யோசித்துவிட்டு
"மோசமில்லை அக்கா" என்றான் குகநேசன்.
இருபத்தாறு வருசத்துக்குப் பிறகு வந்தவன்.
மூன்று நாள் நான் அவனோடு சரியாய்க் கதைக்கவில்லை.

நாலாம் நாள்தான் சொன்னான்,
திரொம்சோவில் அதற்கு மேல் சொல் இல்லையாம்.
கல்யாணச் சாப்பாடு, பிள்ளையின் பெறுபேறு,
இரவு வானத்தில் பச்சையாய் நெளிகிற அந்த வெளிச்சம்
எல்லாமே மோசமில்லைதான்.
நீ பெரிய ஆளென்று நினையாதே என்று
ஒருத்தரும் சுவரில் எழுதி ஒட்டவில்லை.
ஆனால் பஸ்ஸில் எல்லாருடைய கோட்டும் கறுப்பு.
மீன் ஃபக்டரியில் இவனை மேற்பார்வையாளன் ஆக்கிய அன்று
இவனே கேக் வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டு
பழைய கதிரையிலேயே இருந்தானாம்.

உப்புவெளி விடுமா?
"தம்பி என்ன கார் ஓடுறார்?"
"சைக்கிள்."
"பனிக்குள்ளயோ?"
"ஓம். டயரில ஆணி இருக்கு."
பக்கத்து வீட்டுப் பரிமளகாந்தி
என் கையைப் பிடித்து மெல்லக் கேட்டாள்,
அங்கே வேலை போய்விட்டதோ என்று.

கோயில் மண்டபத்துக்கு எவ்வளவு கொடுத்தான்
எனக்கும் சொல்லவில்லை.
மாபிளில் பேர் வேண்டாமென்றான்.
'ஓர் அடியவர்' என்று வெட்டினார்கள்.
இரண்டு கிழமைக்குள் அந்த அடியவர்
ரொறன்ரோவிலிருந்து வந்த துஷ்யந்தன் ஆகிவிட்டார்.
துஷ்யந்தனும் மறுக்கவில்லை.
குனிந்து சிரித்தான், அடக்கமாக.

எனக்குப் பொறுக்கவில்லை.
டச்சுக்குடா மணலில் வைத்துக் கேட்டேன்,
"எங்கயடா பழகினாய் இந்த ஒளிச்சுப்பிடிச்சு விளையாட்டை?
அந்தக் குளிருக்குள்ளயோ?"
றோட்டோரம் ஒரு மான்
லன்ச்சீற்றை மென்றுகொண்டு நின்றது.

"இல்லை அக்கா. இங்கதான்.
மைதானத்தில வரிசையில விட்டவங்களெல்லே.
ஜீப்புக்குள்ள சாக்கு மூடின தலை.
நான் நெட்டை.
முழங்காலை மடிச்சு மடிச்சு
முன்னால நிண்டவன்ர உயரத்துக்கு வந்தன்.
முகத்தை ஒருத்தற்றையும் இல்லாத முகமா வைச்சன்.
தலை ஆடினது ரவீந்திரராசாவுக்கு.

அங்க முதல் நாள் பஸ்ஸில ஏறினா
எல்லாரும் கறுப்புக் கோட்டில,
ஒருத்தரைப் போல ஒருத்தர்,
சத்தமில்லாமல் குனிஞ்சுகொண்டு.
நான் யன்னலால ஜீப்பைத் தேடினன்.
ஒரு ஸ்டொப். ரெண்டு ஸ்டொப்.
ஜீப் இல்லை அக்கா.
ஜீப் இல்லாமலும் சனம் இப்பிடி இருக்குமெண்டு
அண்டைக்குத்தான் கண்டன்.
அவைக்கு அது பழக்கம்.
எனக்கு என்னெண்டு
இன்னும் தெரியேல்லை."

எழும்பி மணலைத் தட்டினான்.
இப்போதும் என்னைவிட ஒரு முழம் உயரம்.
நடக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்தே இருக்கிறது.
இவ்வளவு நாளும்
அது வாதம் என்று நினைத்திருந்தேன்.

பொழுது விழுந்து
கடல் முழுக்கச் செம்பு காய்ச்சி ஊற்றினதுபோல் கிடந்தது.
அவன் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.
வாயைத் திறந்தான்.

நான் முந்திக்கொண்டேன்.