வாஷர்

மொரோட்டோ லாரி ஓட்டுநரின்
சட்டைப்பையில் வந்திறங்குகிறது
பதினோரு வாரமாய் வராத தண்ணீர்:
ஒரு ரப்பர் வளையம்,
கட்டைவிரலில் மாட்டலாம்.

நகிரு அடிபம்பைப் பிரிக்கிறாள்.
நன்கொடையாளர் பெயர்ப்பலகை மட்டும்
துருப்பிடிக்கவில்லை.

வீட்டுக்கு ஐந்நூறு ஷில்லிங்.
லோபுர் கோழியோடு வந்தான்.
வரவுநோட்டில் அதை எங்கே எழுத?
"வாஷர், கால்வாசி" என்றெழுதினேன்.

முப்பத்தெட்டாம் அடியில்
செருமி, சிவந்து, பின் தெளிந்து
வந்தது.
முதல் கேனை யாரும் கேட்கவில்லை.
நகிருவே தூக்கிப்போய்ப்
பள்ளிக் கழிப்பறை வாசலில்
கைகழுவும் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

மறுநாள் இருட்டோடு எழுந்து
ஆற்றுமணல் ஊற்றுக்குழிக்கு நடந்தேன்.
பாதி வழியில்தான் நினைவு வந்தது.
எதிரே
காலி கேன்களோடு, சிரித்தபடி,
இன்னும் மூன்று பேர்.